பத்மநாபபுரம் கொட்டாரம்: அரை நாளில் ஒழுங்காகப் பார்க்க என்ன செய்யணும்?

#1 கோவை_பயணி

வணக்கம். கன்னியாகுமரியில் தங்கிவிட்டு, மறுநாள் திருவனந்தபுரம் போகும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்ப்பதாகத் திட்டம். கார் பயணம், ஆறு பேர். அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி உண்டு. 7 வயதுப் பையன் ஒருவன்.

எத்தனை மணிக்குப் போனால் நல்லது, உள்ளே எவ்வளவு நேரம் ஆகும், படிகள் எப்படி, எதைக் கட்டாயம் பார்க்கணும், எதை விடலாம்? "அருமையான இடம், போய்ப் பாருங்க" என்ற பதில் நிறையப் படித்தாகிவிட்டது. வேலைக்கு ஆகிற தகவல் வேண்டும்.

#2 நாஞ்சில்காற்று

முதல் கேள்வி: என்ன கிழமை? திங்கள்கிழமை பூட்டு. தேசிய விடுமுறை நாட்களிலும் பூட்டு. சனி, ஞாயிறு கன்னியாகுமரியில் தங்கிவிட்டு திங்கள் காலை கிளம்புகிறவர்கள் கேட்டில் வந்து நிற்பது வாராவாரம் நடக்கிற காட்சி.

காலை 9 மணிக்குத் திறப்பார்கள். மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. 4:30-க்கு டிக்கெட் முடிந்துவிடும். இந்த இடைவேளைதான் பலருடைய கணக்கைக் கெடுக்கிறது. 12:15-க்கு உள்ளே போனால் பாதிச் சுற்றிலேயே காவலர்கள் அவசரப்படுத்துவார்கள். 9 மணிக்குப் போங்க, முடியாவிட்டால் 2 மணிக்குப் போங்க. இரண்டுக்கும் நடுவில் வேண்டாம்.

கன்னியாகுமரியிலிருந்து சுமார் 35 கி.மீ., நாகர்கோவிலிலிருந்து சுமார் 15. தேசிய நெடுஞ்சாலையில் தக்கலை வரை வந்து, அங்கிருந்து உள்ளே திரும்பினால் 2 கி.மீ.தான். தூரம் குறைவு என்று நம்பி 8:30-க்குக் கிளம்பாதீங்க. நாகர்கோவிலைத் தாண்டவே நேரம் பிடிக்கும். 7:30-க்குக் கிளம்பி, காலைச் சாப்பாட்டைத் தக்கலையில் முடித்துக்கொள்ளுங்க. அரண்மனைக்குள் சாப்பாட்டுக் கடை கிடையாது.

பேருந்தில் வருகிறவர்களுக்கு: நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் போகும் பேருந்து அடிக்கடி உண்டு. திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து நாகர்கோவில் பேருந்தில் ஏறித் தக்கலையில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ. ரயில் என்றால் பக்கத்து நிலையம் இரணியல், ஆனால் எல்லா வண்டியும் நிற்காது.

#3 வேணாட்டான்

போவதற்கு முன் நாலு வரி வரலாறு தெரிந்தால் உள்ளே பார்ப்பது எல்லாம் கோர்வையாகும்.

ஊரின் பழைய பெயர் கல்குளம். இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601 வாக்கில் இங்கே அரண்மனை கட்டினார். இன்று பார்ப்பதில் பெரும்பகுதி அனிழம் திருநாள் மார்த்தாண்டவர்மா (ஆட்சி 1729–1758) காலத்தில் விரித்துக் கட்டியது. 1750-இல் அவர் தன் திருவிதாங்கூர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து "பத்மநாபதாசன்" ஆனார். ஊரின் பெயரும் அதன் வழி வந்தது. அடுத்து வந்த தர்மராஜா காலத்தில், 1795-இல், தலைநகரம் திருவனந்தபுரம் போயிற்று. அதற்கப்புறம் பெரிதாக எதையும் இடித்துக் கட்டவில்லை. தலைநகரம் போனது ஊருக்கு நட்டம், கொட்டாரத்துக்கு லாபம்.

இது ஒரே கட்டடம் இல்லை. வேளிமலை அடிவாரத்தில் கருங்கல் கோட்டைக்குள், சுமார் ஆறரை ஏக்கரில், வெவ்வேறு காலத்தில் எழும்பிய கட்டடங்களை இடைவழிகளால் கோர்த்திருக்கிறார்கள். அதனால்தான் உள்ளே நடக்கும்போது திடீரென்று உயரம் குறையும், திடீரென்று முற்றம் வரும்.

சுற்று ஒருவழிப்பாதை. ஏறக்குறைய இந்த வரிசை: படிப்புரை (நுழைவாயில்), பூமுகம் (முன்மண்டபம்), மேலே மந்திரசாலை (ஆலோசனைக் கூடம்), மணிமாளிகை (மணிக்கூண்டு), ஊட்டுப்புரை (உணவுக்கூடம்), தாய்க்கொட்டாரம், உப்பரிகை மாளிகை, அம்பாரி முகப்பு, இந்திரவிலாசம், நவராத்திரி மண்டபம். தெற்குக் கொட்டாரமும் 1993-இல் தொடங்கிய அருங்காட்சியகமும் தனியாக வெளியே. பாதையில் பின்னோக்கி வருவது கஷ்டம். இடைவழிகள் ஒரு ஆள் போகிற அகலம்தான், பின்னால் கூட்டம் வந்துகொண்டே இருக்கும். ஒரு அறையில் எதையாவது விட்டுவிட்டால் விட்டதுதான்.

ஆகவே முதல் இடத்திலேயே நிதானம் தேவை. பூமுகத்தில் அண்ணாந்து பாருங்கள். மரத் தட்டில் செதுக்கிய 90 பூக்கள், ஒன்று போல இன்னொன்று இருக்காது. அங்கேயே தொங்கும் குதிரை விளக்கைக் கவனியுங்கள். சங்கிலியில் எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும்படி எடையைச் சமன் செய்திருக்கிறார்கள். ஏழு துண்டுக் கருங்கல் கட்டில், சீன வேலைப்பாட்டு நாற்காலி, சுவரில் ஓணவில் (ஓணப் பண்டிகைக்கான அலங்கார வில்) எல்லாம் அதே அறையில். பெரும்பாலான குழுக்கள் இங்கே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு மாடிப்படிக்கு ஓடுகின்றன.

#4 கோவை_பயணி

ரொம்ப நன்றி. செவ்வாய்க்கிழமைதான் போகிறோம், தப்பித்தோம். அம்மா விஷயம் மட்டும் இன்னும் கவலை. படிகள் எந்த அளவுக்கு?

#5 சுசீந்திரம்77

அண்ணே, ஒளிக்காமல் சொல்கிறேன்: மூட்டுவலிக்காரர்களுக்கு முழுச் சுற்று சரிப்படாது.

பூமுகத்திலிருந்து மந்திரசாலைக்கு ஏறும் மரப்படி குறுகல், செங்குத்து. படியின் உயரம் அதிகம், கால் வைக்கும் அகலம் குறைவு. மேலே வாசல் நிலை தாழ்வு, குனிந்தே போகணும். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குக் கெடுதல். இதே மாதிரி படிகள் சுற்றில் நாலைந்து இடத்தில் வரும். போதாததற்குச் செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். சில இடங்களில் தரை வழவழ என்று இருக்கும்.

செய்யக்கூடியது: அம்மாவைப் பூமுகம் வரைக்கும் எல்லோருடனும் அழைத்துப் போங்க. பிறகு ஒருவர் துணையிருந்து, காவலரிடம் சொல்லிவிட்டு வெளி முற்றத்துக்கு வந்து, தெற்குக் கொட்டாரமும் அருங்காட்சியகமும் பார்க்கட்டும். அவை ஏறி இறங்கும் தொல்லை குறைந்தவை. தெற்குக் கொட்டாரத்தில் பழைய வீட்டுப் புழங்குபொருட்கள் வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் மாடியைவிட அதைத்தான் ரசிப்பார்கள், "இது எங்க பாட்டி வீட்ல இருந்துச்சு" என்று பேச விஷயம் கிடைக்கும். நவராத்திரி மண்டபத்துக்குத் தரைமட்டமாகவே வர வழி இருந்தால் காவலர்கள் காட்டுவார்கள், கேட்டுப் பாருங்க.

சக்கர நாற்காலி என்றால் முற்றமும் அருங்காட்சியகப் பக்கமும் மட்டும்தான். வாசற்படிகளே ஒவ்வொன்றும் உயரம்.

மழைக்காலம் என்றால் ஒரு கைத்துண்டு கையில் இருக்கட்டும். முற்றத்தில் நனைந்த காலோடு மெருகுத் தரையில் வைத்தால் வழுக்கும். எங்க மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் பெய்யும், நவம்பரிலும் பெய்யும்.

#6 ஓட்டுக்கூரை

எல்லோரும் பொருட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கட்டடத்தைப் பற்றி யாராவது பேசணும்.

இந்தியாவில் அரண்மனை என்றால் கல்லும் பளிங்குமாகத்தான் மனதில் வரும். இது மரம். கீழே கருங்கல், வெட்டுக்கல். மேலே தேக்கு, பலா, அயனி, ஈட்டி. கூரை ஓடு. தென்மேற்குப் பருவமழை நேரே வந்து அடிக்கிற நாட்டில் மரத்தால் கட்டிய ஒன்று நானூறு வருடம் நிற்கிறது என்றால் அதன் காரணம் கூரைதான்.

சரிவைப் பாருங்கள், மிகச் செங்குத்து. தண்ணீர் ஓட்டின் மேல் தங்காது. இறவாரம் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கும், சாரல் சுவரைத் தொடாது. வெயில் உள்ளே நேரே விழாது. மேல்மாடிச் சுவர் என்று நாம் நினைப்பது பல இடங்களில் சுவரே இல்லை, வெளிப்பக்கம் சாய்த்து அடுக்கிய மரச் சட்டங்கள். அவற்றின் இடைவெளி வழியாகக் காற்று வரும், வெளிச்சம் வடிகட்டி வரும், உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. நடுமுற்றம் சூடான காற்றை மேலே இழுத்துவிடுகிறது. மந்திரசாலையில் கால் வைத்ததும் சில்லென்று இருக்கும். அங்கே ஜன்னல்களில் நிற அப்ரகம் (மைக்கா) பதித்திருக்கிறார்கள், கண்ணாடி இல்லை. பலர் கண்ணாடி என்றே நினைத்துத் தாண்டிப் போகிறார்கள்.

வெயில் ஏறிய பிறகு, 11 மணிவாக்கில், மந்திரசாலையில் அப்ரகத்தின் நிறம் நன்றாகத் தெரியும். ஆனால் கூட்டமும் அப்போதுதான். 9 மணிக்குப் போகிறவர்களுக்கு அமைதி கிடைக்கும், நிறம் கொஞ்சம் மங்கல். எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். எனக்குக் கேட்டால் அமைதி.

மரச் சேர்மானங்களில் ஆணியைத் தேடிப் பாருங்கள். கழுக்கோல்கள் (கூரையைத் தாங்கும் சரிவு மரங்கள்) கூடும் இடத்தில் நாக்கும் துளையுமாகக் கோர்த்து, மர முளை அடித்து இறுக்கியிருப்பார்கள். இரும்பு ஆணி ஈரத்தில் துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் அரிக்கும். மர முளை மரத்தோடு சேர்ந்தே உப்பும், சுருங்கும். ஒரு கழுக்கோல் கெட்டால் முளையைத் தட்டி எடுத்து அதை மட்டும் மாற்றலாம். பையனுக்குக் காட்ட இதைவிட நல்ல விஷயம் இல்லை.

இனி தரை. கறுப்புத் தரை, முகம் பார்க்கலாம். சுண்ணாம்பு, மணல், எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, கருப்பட்டித் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறு என்று சொல்வார்கள். அடிப்படை சுண்ணாம்புக் காரைதான். கரி நிறம் தருகிறது. வெல்லச் சத்தும் முட்டையும் காரை சீக்கிரம் உலர்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்கின்றன, தண்ணீர் இறங்குவதையும் குறைக்கின்றன. ஈரம் முழுதாகப் போகும் முன் வழவழப்பான கூழாங்கல்லால் திரும்பத் திரும்பத் தேய்க்கணும். மெருகு வருவது அந்தத் தேய்ப்பில்தான், மேலே பூசிய எந்தப் பூச்சிலும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சும் இதே குடும்பம்.

செருப்பைக் கழற்றச் சொல்வது பக்தியால் மட்டும் இல்லை. செருப்பின் அடியில் ஒட்டிய மணல் துகள் ஒன்று போதும், சுண்ணாம்பு மெருகில் கீறல் விழும். கீறலில் அழுக்கு ஏறும், அழுக்கைத் தேய்த்தால் கீறல் பெரிதாகும். அதேபோல இப்படிப்பட்ட தரையில் வெடிப்பு வந்தால் சிமெண்ட் வைத்து அடைப்பது பெரும் தப்பு. சிமெண்ட் சுண்ணாம்பைவிடக் கெட்டி, ஈரத்தை மேலே வரவிடாது. தரைக்கடியில் உள்ள ஈரம் ஓரத்தைத் தேடிப் போய் அங்கே புதிதாக உப்பிக் கிளப்பும்.

#7 மட்டிப்பழம்

நல்ல விளக்கம். ஆனால் உள்ளே சொல்கிற கதைகளில் எதை நம்புவது? 64 மூலிகை மரத்தால் செய்த கட்டில், சுரங்கப்பாதை, 2000 பேர் சாப்பிட்ட கூடம், 300 வருடக் கடிகாரம், ஆளைத் தேர்வு செய்ய உருண்டைக்கல்... ஒவ்வொரு அறையிலும் ஒரு அதிசயம். வாட்ஸாப்பில் சுற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

#8 வேணாட்டான்

நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.

கட்டில்: உப்பரிகை மாளிகையில் ராஜாவின் படுக்கை அறையில் உண்டு. வேலைப்பாடு அசல், செதுக்கலில் ஐரோப்பியக் கை தெரியும். டச்சு வணிகர்கள் கொடுத்தது என்பது வழிவழியாகச் சொல்வது. மர வகை 64 என்று ஒருவர் சொல்வார், 67 என்று இன்னொருவர் சொல்வார். எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்காதீர்கள், செதுக்கலைப் பாருங்கள்.

ஊட்டுப்புரை: இரண்டு தளமாக நீண்ட கூடம். தளத்துக்கு ஆயிரம் என்று இரண்டாயிரம் பேருக்கு அன்னதானம் என்பது வழக்கமான கணக்கு. கூடத்தின் நீளத்தை நடந்து பார்த்தால் மிகையாகத் தோன்றாது. பக்கத்தில் ஊறுகாய், மோர் வைத்த சீன ஜாடிகளும் கல்தொட்டிகளும் இருக்கின்றன.

கடிகாரம்: மணிமாளிகையில் உள்ளது எடைக்கல் இறங்கும் விசையால் ஓடும் வகை. உள்ளூர்க் கொல்லர் கைவேலை என்று சொல்வார்கள். 3 கி.மீ. வரை மணி கேட்குமாம். இன்றைய தக்கலைப் போக்குவரத்துச் சத்தத்தில் கேட்காது, அன்றைய அமைதியில் கேட்டிருக்கும்.

உருண்டைக்கல்: முற்றத்தில் மேடையில் இருக்கிறது. சுமார் 38 கிலோ. தொடர்ந்து நூறு தடவைக்கு மேல் தலைக்கு உயர்த்தினால்தான் படையில் சேர்ப்பு என்பது கதை. கல் நிஜம். நூறு தடவை என்பதை நானும் நம்பவில்லை.

சுரங்கம்: வாய் காட்டுவார்கள், மூடியிருக்கிறது. இன்னொரு அரண்மனையான சாரோட்டுக் கொட்டாரம் வரை போகும் என்பது வழக்கு. உள்ளே போய்ப் பார்க்க வழி இல்லை.

இதற்கெல்லாம் நடுவில் கதையே தேவையில்லாத ஒன்றை மக்கள் தாண்டிப் போகிறார்கள்: தாய்க்கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் உள்ள பலாமரத் தூண். ஒற்றை மரத்தில் இவ்வளவு நுணுக்கம். தாய்க்கொட்டாரமே வளாகத்தில் மிகப் பழைய பகுதி. நாலுகெட்டு (நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய வீடு) என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அந்த முற்றத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

#9 ஓட்டுக்கூரை

தூணைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். விரலில் உள்ள எண்ணெயும் வியர்வையும் பழைய மரத்தில் ஊறி, தூசியைப் பிடித்து, செதுக்கலின் குழிகளை மூடிவிடும். கை படும் உயரத்தில் மட்டும் கறுத்துப் பளபளக்கும் தூண்களைப் பார்த்தாலே தெரியும், தச்சர் கொடுத்த மெருகு அது இல்லை.

#10 மட்டிப்பழம்

உப்பரிகையின் மேல்தளத்துச் சுவரோவியம் பார்க்க முடியுமா? அதற்காகவே வர நினைப்பவர்கள் உண்டு.

#11 வேணாட்டான்

முடியாது. உப்பரிகை மாளிகை நாலு தளம். கீழே கருவூலம், அதன் மேல் படுக்கை அறை, அதற்கு மேல் ஓய்வறை, உச்சியில் வழிபாட்டு அறை. ஓவியங்கள் அங்கே நாலு சுவரிலும் உள்ளன, அனந்தசயனம் உட்பட. பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அது சரியான முடிவு. சிறிய அறையில் நாள் முழுக்க ஆட்கள் மூச்சு விட்டால் ஈரம் ஏறி இயற்கை வண்ணம் உதிரும். அந்த ஓவியங்களின் நகல்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

#12 வெள்ளிவிளக்கு

படம் எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. நுழைவுச் சீட்டு வேறு, கேமராச் சீட்டு வேறு. கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் கவுண்டர் பலகையைப் பாருங்க. சிறுவர்களுக்குக் குறைவு, வெளிநாட்டவருக்கு அதிகம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் உடன் வந்தால் அவருக்குத் தனியாகக் கணக்குப் பார்க்கணும், வரிசையில் நின்ற பிறகு தெரிந்தால் சங்கடம்.

உள்ளே வெளிச்சம் ரொம்பக் குறைவு. பிளாஷ் போடாதீங்க. போட்டாலும் பயனில்லை, கறுப்புத் தரையும் மெருகு மரமும் ஒளியைத் திருப்பி அடித்துப் படத்தில் வெள்ளைப் புள்ளிதான் விழும். கைபேசியில் எடுப்பவர்கள் தூணிலோ சுவரிலோ கையை ஊன்றாமல், முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து எடுங்க. முக்காலி கொண்டு வந்து பயன் இல்லை, இடைவழியில் விரிக்க இடமே கிடையாது.

நல்ல படம் கிடைப்பது மூன்று இடம்: வெளி முற்றத்திலிருந்து பூமுகத்தின் கூரைமுகப்பு, மேல்தளச் சட்டங்கள் வழியாக நீளமாக விழும் வெளிச்சம், நவராத்திரி மண்டபத்தின் தரை. கடைசியில் சொன்னதில் கல்தூண்கள் தரையில் தலைகீழாகத் தெரியும். எடுக்கும்போது கைபேசியைத் தரைக்கு அருகில் பிடிக்கணும்.

#13 பயணப்பை

ஒரு சந்தேகம். ஊர் தமிழ்நாட்டில், அரண்மனை மட்டும் கேரளாவிடம். இது என்ன கணக்கு? நம்ம ஆட்களே பார்த்துக்கொள்ளக் கூடாதா?

#14 வேணாட்டான்

1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் கேரள அரசின் உடைமையாகவே நின்றது. கேரளத் தொல்லியல் துறை நடத்துகிறது, ஊழியர்களும் அவர்கள்தான். 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது.

யாரிடம் இருக்கணும் என்ற சண்டையை வேறு இழையில் வையுங்கள். பார்க்கப் போகிறவருக்கு இதில் தேவையானது இரண்டே விஷயம். விடுமுறை, நேர மாற்றம் எல்லாம் கேரளத் துறையின் அறிவிப்பில்தான் வரும், தமிழ்நாட்டுச் சுற்றுலாத் தளத்தில் தேடினால் பழைய தகவல்தான் கிடைக்கும். அறைக்கு அறை நிற்கும் ஊழியர்களே விளக்கம் சொல்வார்கள். மலையாளம் கலந்த தமிழாக இருக்கும், புரியும். கேட்டால்தான் சொல்வார்கள், கூட்டம் குறைவாக இருந்தால் அதிகம் சொல்வார்கள். காலை 9 மணிக்குப் போக இது இன்னொரு காரணம்.

#15 சுசீந்திரம்77

எந்த மாதம் வருகிறீங்கன்னு சொல்லவில்லையே அண்ணே. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலைக் கூட்டம் கன்னியாகுமரிக்கு வந்து திரும்பும், வழியில் இங்கேயும் இறங்கும். அதே நேரத்தில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகளும். ஐம்பது பிள்ளைகள் முன்னால் போகிறார்கள் என்றால் பின்னால் போகாதீங்க. வெளி முற்றத்தில் கால்மணி நேரம் விட்டுவிட்டுப் போங்க.

நவராத்திரிக்கு வந்தால் அது வேற அனுபவம், ஆனால் அரண்மனை பார்க்கிற நாள் இல்லை. அரண்மனைக் கோயிலின் தேவாரக்கெட்டு சரஸ்வதி இங்கிருந்து, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை என மூன்று தெய்வ விக்கிரகங்களும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் புறப்படும். உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாள் கைமாறும். இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை கொடுக்கும். முதல் இரவு குழித்துறை, இரண்டாவது நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் திருவனந்தபுரம். இந்தச் சரஸ்வதி கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது எங்க பக்கத்து நம்பிக்கை. நவராத்திரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பே புறப்பாடு நடந்துவிடும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்க. புறப்பாட்டைப் பார்க்க ஒரு நாள், கொட்டாரத்தைப் பார்க்க ஒரு நாள் என்று தனித்தனியாகத்தான் வைக்கணும்.

#16 நாஞ்சில்காற்று

மதியத்துக்கு மேல் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரண்மனையை ஒட்டியே நீலகண்டசுவாமி கோயில், சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிப் போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டத்தில் ஏழாவது. அதன் குளம் அழகு. கோட்டைக்குள்ளேயே ராமசுவாமி கோயிலில் ராமாயணக் காட்சிகள் மரத்தில். இரண்டும் நடக்கிற தூரம், ஆனால் உச்சி வேளையில் நடை சாத்தியிருக்கும். அரண்மனையை 11:30-க்குள் முடித்தால் மட்டும் யோசிக்கலாம்.

நெடுஞ்சாலையில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு மார்த்தாண்டவர்மாவின் தளபதியான டச்சுப் படைத்தலைவர் டி லனாய் 1777-இல் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு. அரண்மனையில் அவர் சரணடையும் ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போனால் பையனுக்குக் கதை முழுமையாகும். ஆனால் நீங்கள் கன்னியாகுமரியிலிருந்து வருவதால் உதயகிரி வழியிலேயே, தக்கலைக்கு முன்பே வந்துவிடும். அரண்மனைக்குப் பிறகு என்றால் திரும்பி வரணும், சில கிலோமீட்டர்தான்.

மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி இரண்டையும் அதே நாளில் சேர்க்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீங்க. தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில், வெயிலில் நடக்கிற இடம். அம்மாவுக்கு வேண்டாம். அருவியில் நனைந்துவிட்டு மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் மாட்டினால் திருவனந்தபுரம் சேர இரவாகிவிடும். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் 50 கி.மீ.தான் என்று வரைபடம் காட்டும், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்க.

#17 கோவை_பயணி

எல்லோருக்கும் நன்றி. போட்ட திட்டம் இது, தப்பிருந்தால் சொல்லுங்க:

7:30 கன்னியாகுமரியில் புறப்பாடு. 8:30 தக்கலையில் டிபன். 9:00 டிக்கெட். பூமுகம் 10 நிமிடம். அம்மாவும் தங்கையும் அங்கிருந்து தெற்குக் கொட்டாரம், அருங்காட்சியகம். மற்றவர்கள் முழுச் சுற்று, 11:00-க்கு வெளியே. பிறகு உதயகிரி. மதியச் சாப்பாடு தக்கலை. 2:00-க்குத் திருவனந்தபுரம் நோக்கி.

#18 வேணாட்டான்

பூமுகத்துக்கு 20 நிமிடம். மற்றது சரி. அருங்காட்சியகத்தை இரண்டு தரப்பும் பார்க்கணும் என்றால் சந்திக்கும் இடமாக அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஓவிய நகல்களை எல்லோரும் சேர்ந்தே பார்க்கலாம், அதற்கு இன்னும் அரை மணி. 11:30 ஆகும்.

#19 சுசீந்திரம்77

கழிப்பறைக்கு உள்ளே போகும் முன்பே பையனை அனுப்பிடுங்க, சுற்றுக்கு நடுவில் வசதி இல்லை. தண்ணீர் பாட்டில் காரிலேயே குடித்து முடிங்க. காலுறை போட்டுக்கொண்டு வராதீங்க, மெருகுத் தரையில் வெறுங்காலைவிட அதுதான் அதிகம் வழுக்கும். வெளியே வந்ததும் எங்க பக்கத்து வாழைப்பழமான மட்டிப்பழம் விற்றால் ஒரு சீப்பு வாங்குங்க. சின்னதாக இருக்கும், மஞ்சளாக இருக்கும், மணமே வேற.

#20 மட்டிப்பழம்

என் பெயரைக் கெடுக்காமல் விட்டதற்கு நன்றி. பழத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்க, கார் வெயிலில் சாயங்காலத்துக்குள் குழைந்துவிடும்.